கோலுக்குப் பின்னால் நம் இடம்

இன்று காலை உப்பலில் மெட்ரோ ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெட்டியில் கூட்டமில்லை. கதவு மூடப் போகிற நேரத்தில் பெண்பிள்ளைகள் சிலர் சிரித்துக்கொண்டே ஓடிவந்து ஏறினார்கள். முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறைகளில் செம்மண். பூட்ஸ்களை நாடாவால் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்தவள் பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து, கெண்டைக்காலில் தைலம் தேய்க்கத் தொடங்கினாள். அந்தக் காரமான வாசனை வியர்வையோடும் ஈரமண்ணோடும் கலந்து என் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். நான் மெட்ரோவில் இல்லை. லாலாகுடா வொர்க்‌ஷாப் மைதானத்தில், கோலுக்குப் பின்னால், உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் அவளையே பார்ப்பதைக் கண்டு அந்தப் பெண் சங்கடப்பட்டாள். வாசனை அதிகமாக இருக்கிறதா ஆன்ட்டி என்று தெலுங்கில் கேட்டாள். "இருக்கட்டும்மா, நல்லா தேய்ச்சுக்கோ" என்றேன். ஜெயித்தீர்களா என்று கேட்டதற்கு, "நாலு கோல் வாங்கினோம்" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நீ இருந்திருந்தால் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். நாலு கோலும் எப்படி விழுந்தது, யார் விட்டது, டிஃபன்ஸில் யார் நின்றது என்று தார்நாகா வருவதற்குள் துருவித் துருவிக் கேட்டிருப்பாய். நான் கேட்கவில்லை. ஆனால் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் ஏறக்குறைய ஊமை. பாளையங்கோட்டையில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள். இங்கே தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. ஹப்சிகுடாவில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் பொறியாளர்; காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்கு வருவார், வந்தாலும் பேச்சு குறைவு. உப்பல் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சர் வேலை கிடைத்தது. அங்கேயும் சைகையில்தான் காலம் ஓடியது. யாரும் என்னைக் கடிந்து பேசியதில்லை. ஆனால் நான் ஒரு நாள் வராமல் போனால் யாராவது கவனிப்பார்களா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஊருக்கு ஒரு டிரங்கால் போட வேண்டியிருந்தது. எங்கள் அலுவலகத்தின் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் அறைக்கு வந்தேன். ஆபரேட்டர் நீ. மனப்பாடம் செய்துகொண்டு வந்த இந்தியில் நான் திணறத் திணற, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாய். பிறகு சொன்னாய்: "பாளையங்கோட்டையா? அப்ப தமில்லயே சொல்லேம்மா. கைக்கு இவ்ளோ கஷ்டப்படற?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்க தமிழா?" என்றேன்.

"ஹவ். லாலாகுடா. எங்க தாத்தா வேலூர்லேர்ந்து வந்தவரு. நாங்கல்லாம் இங்கயே பொறந்தவங்க." உன் தமிழில் பாதி எனக்குப் புரியவில்லை. வடாற்காட்டுப் பேச்சில் ஹைதராபாத்தைப் பிசைந்து வைத்த தமிழ் அது; 'கைக்கு' என்றால் ஏன், 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம். என் திருநெல்வேலித் தமிழ் உனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. நான் "என்ன செய்ய" என்று இழுத்தால் நீயும் அதே மாதிரி இழுத்துக் காட்டுவாய்.

"ஞாயித்துக்கெயம இன்னா பண்ணுவ?" என்று ஒரு நாள் கேட்டாய்.

"துணி துவைப்பேன்."

"துணி எங்கயும் ஓடாது. எங்கூட வா."

கோயிலுக்குத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்து, நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தேன். நீ என்னை அழைத்துப்போன இடத்தில் புல்கூடச் சரியாக இல்லை. சுண்ணாம்புக் கோடுகள், வலை கிழிந்த இரண்டு கோல் கம்பங்கள், ஓரமாக ஒரு மதில். அதற்கு அப்பால் ரயில்வே குவார்ட்டர்ஸ். கோலுக்குப் பின்னால் இருபது முப்பது பேர் நின்றார்கள். பெண் என்று பார்த்தால் நீ, உன் பக்கத்தில் மல்லிகைப் பூவோடு நான்.

வொர்க்‌ஷாப் தொழிலாளர்களின் டீம் அது. நீலச் சட்டை போட்டு ஆடியதால் எல்லோரும் 'நீலம்' என்றே சொன்னார்கள். உனக்கு எப்படி இந்தப் பைத்தியம் பிடித்தது என்று கேட்டேன். மதிலுக்கு அப்பால் கைகாட்டினாய். "தோ தெரியுது பாரு, அந்த குவார்ட்டர்ஸ்லதான் நான் பொறந்தேன். நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப ஒரு பந்து ஜன்னல ஒட்சிகினு வந்து எங்கம்மா குயம்புல வியுந்துச்சி. எங்கம்மா பந்த கயுவிக் குட்த்தாங்க. அன்னிலேர்ந்து இது எங்க வூட்டு டீமு."

எக்ஸ்சேஞ்சில் உன் குரல் பஞ்சு மாதிரி இருக்கும். அதிகாரிகள் உன் "ஹலோ"வைக் கேட்டே கோபம் ஆறிவிடுவார்கள். அந்தக் குரலா இது என்று அன்று நான் மிரண்டுபோனேன். ரெஃபரி மல்காஜ்கிரியில் பள்ளி வாத்தியார், ஒல்லியாக, உயரமாக, அப்போது சின்ன வயது. அவர் விசில் ஊதினாலும் திட்டினாய், ஊதாவிட்டாலும் திட்டினாய். "கள்ளு லேவா சார், கள்ளு லேவா!" என்று நீ கத்தியபோது நான் பதறி உன் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏளா, பட்டப்பகல்ல அந்த மனுசன்கிட்ட கள்ளு இல்லையான்னு கேக்குதே?"

நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். தெலுங்கில் கள்ளு என்றால் கண் என்று சொல்லிக்கொடுக்கவே உனக்கு வெகு நேரம் பிடித்தது. பக்கத்தில் காலி எண்ணெய் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்த பஷீர் பாயிடமும் அதைச் சொன்னாய். சைக்கிள் கடை வைத்திருந்த மனிதர் அவர். உன்னை 'ஆபா' என்று, அக்கா முறையில்தான் கூப்பிடுவார். அன்று முதல் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "சுந்தரி பாஜி, கள்ளு கிடைச்சுதா?" என்று விசாரித்தார். இந்த ஊரில் எனக்கு முதல்முதலாக ஒரு கேலி கிடைத்தது அன்றுதான். கேலி செய்ய ஆளிருக்கிற இடத்தில்தான் மனிதருக்கு வேர் பிடிக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு வாரா வாரம் வந்தேன். நீலம் வாரா வாரம் தோற்றது. ஜெயிக்கிற ஞாயிறு வராமல் இல்லை, ஆனால் அதற்காகக் காத்திருந்தால் வயதாகிவிடும். ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "எப்பப் பாத்தாலும் தோக்கானுவ. இவனுவளப் பாக்கவா இப்படி ஓடியோடி வாரோம்?"

நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். "ஜெயிக்கற டீம் வேணும்னா டிவியில பாரு, நெறய கீது. இது நம்ம டீமுடி. நம்ம வூட்டுப் புள்ள ஃபெயிலாயிட்டான்னா, பாஸான பக்கத்து வூட்டுப் புள்ளைய இட்டாந்து சோறு போடுவியா?"

 அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, எங்கள் ஃபார்வர்டு பையனை எதிராளி பின்னாலிருந்து தட்டிவிட்டான். ரெஃபரி பார்க்கவில்லை. "ஏலேய்! காலத் தட்டுதான் பாருங்கலே!" என்று ஒரு குரல் மைதானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது நான். இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருடத்தில் நான் சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. மறுநாள் அலுவலகத்தில் மேலாளர் என் மேசையில் வைத்த காகிதத்தில் இருந்த பிழையை, எனக்குத் தெரிந்த தெலுங்கில் நானே அவரிடம் சொன்னேன். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு அடிபட்ட நாளை நாம் இருவரும் பிறகு அதிகம் பேசியதில்லை. இன்று எழுதுகிறேன். உப்பல் சந்திப்பில் அவர் ஸ்கூட்டரை லாரி இடித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்பு உன் போர்டுக்குத்தான் வந்தது. லைனை என் மேசைக்குக் கொடுத்திருக்கலாம். நீ கொடுக்கவில்லை. படியேறி நீயே வந்தாய். என் தோளில் கைவைத்து, "எய்ந்திரு, பைய எட்த்துக்கோ. உயிரு கீது. ஆட்டோ நிக்குது" என்று அந்தப் பஞ்சுக் குரலில் சொன்னாய். 'உயிரு கீது' என்பதை முதலில் சொன்னாய் பார், அதற்கே உனக்கு நான் கும்பிடு போட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் வேண்டும், உடனே ஆட்களை வரச் சொல்லுங்கள் என்றார்கள். யாரை வரச் சொல்ல? என் ஆட்கள் எல்லாரும் ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் வர வேண்டிய தூரத்தில் இருந்தார்கள். நான் வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வரவேற்பு மேசையிலிருந்த ஃபோனைக் கேட்டு வாங்கி யாரிடமோ பேசினாய்.

மதியச் சங்கு ஊதிய கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்தார்கள். வொர்க்‌ஷாப்பிலிருந்து அப்படியே, கிரீஸ் கறையோடு. முன்னால் சைக்கிள் கடையிலிருந்து பஷீர் பாய், பின்னால் கோல்கீப்பர், டிஃபன்ஸ் பையன்கள், வாரா வாரம் கோலடிக்கத் தவறுகிற அந்த ஃபார்வர்டு. நர்ஸ் அவர்களைப் பார்த்துத் திகைத்துப்போய், முதலில் எல்லோரும் கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று விரட்டினாள். வராந்தா குழாயடியில் பதினொன்றுக்கும் மேற்பட்டவர்கள் வரிசையாக நின்று முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவர்களில் யாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்ததுகூட இல்லை. கோலுக்குப் பின்னால் நின்று கத்துகிற பெண்ணின் புருஷன் என்பது மட்டும்தான் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

பிழைத்து எழுந்த பிறகு அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, எனக்குள்ள இப்ப பாதி ஃபார்வர்டு லைன் ஓடுது. இனி நானும் வந்துதானே ஆகணும்?" வந்தார். கையில் பேப்பரை விரித்துக்கொண்டுதான் நின்றார், ஆனாலும் வந்தார்.

உன் மகன் முரளி அந்த மைதானத்திலேயே தவழ்ந்து, நடந்து, ஓடி, நீலச் சட்டைக்குள் வந்துசேர்ந்தான். அவனைப்போல ஒரு ஃபார்வர்டை நீலம் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. இரண்டு மூன்று சீசன்கள் நாம் தலைநிமிர்ந்து நடந்தோம். அப்போதுதான் ஊரின் பெரிய டீம்களில் ஒன்று, மஞ்சள் சட்டைக்காரர்கள், அவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலையோடு அழைப்பு அனுப்பினார்கள். அவன் போக மாட்டேன் என்று அடம்பிடித்தான். உன் வீட்டுக் கூடத்தில் நான் இருக்கும்போதே அந்தச் சண்டை நடந்தது.

"நான் நீலத்த வுட்டுப் போமாட்டேன்மா."

"போகாட்டி கால ஒட்சிருவேன். அப்பறம் எந்த டீமுக்கும் ஆட முடியாது."

"நீ மட்டும் இங்கியே நிப்ப, நான் போணுமா?"

"ஹவ். நான் பாக்கறவ. நீ ஆடறவன். ஆடறவன் எங்க நல்லா ஆட முடியுமோ அங்க போணும். பாக்கறவ எங்கயும் போக முடியாது." நீ அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் அதைப் பல வருடம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவன் போனான். விதி என்று சொல்வதா, லீக் அட்டவணை என்று சொல்வதா தெரியவில்லை. அந்த சீசனின் கடைசி ஆட்டம், நம் மைதானத்தில், நீலத்துக்கும் மஞ்சளுக்கும். டிரா செய்தால்கூடப் போதும், நீலம் தன் டிவிஷனில் தப்பித்துவிடும். தோற்றால் கீழ் டிவிஷன். காலனி முழுக்க ஒரே பேச்சு: அவள் எங்கே நிற்பாள்? பெற்ற பிள்ளை பக்கமா, நீலம் பக்கமா? மஞ்சள் டீம்காரர்கள் மரியாதையாக ஆளனுப்பி, வீரரின் அம்மா நம்மோடு வந்து உட்காரட்டும் என்று அழைத்தார்கள்.

நீ நீலப் புடவையில் வந்தாய். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் நேரே நடந்து, வழக்கமான இடத்தில், கோலுக்குப் பின்னால் வந்து நின்றாய். பஷீர் பாய் டப்பாவைத் தட்டத் தயங்கினார். "இன்னா பாய், கை வலிக்குதா? அடி!" என்றாய்.

முதல் பாதியில் கோல் இல்லை. இடைவேளைக்குப் பிறகு மஞ்சள் நம் பக்கத்து கோலை நோக்கி ஆடியது. முரளி பந்தோடு வரும்போதெல்லாம் நேருக்கு நேர் உன்னைப் பார்த்துத்தான் வர வேண்டியிருந்தது. நீ கத்துவதை நிறுத்தவில்லை. "புட்ச்சுக்கோ, அவன வுடாத, எடது காலுக்குத் திருப்புவான், அங்க நில்லு!" உன் மகனின் கால் எப்படித் திரும்பும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? டிஃபன்ஸ் பையன்கள் உன் பேச்சைக் கேட்டு இரண்டு முறை அவனை மடக்கினார்கள். இரண்டாம் முறை அவன் உன்னைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தே விட்டான். மைதானமே சிரித்தது.

மூன்றாம் முறை அவன் இடது காலுக்குத் திருப்பவில்லை. வலது காலால் அடித்தான். நம் கோல்கீப்பர் பாய்ந்தது வேறு பக்கம். வலை அசைந்தது. உன் கை என் மணிக்கட்டை இறுக்கியது, வளையல் அழுந்தி வலித்தது. முரளி குதிக்கவில்லை, கைதூக்கவில்லை. பந்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"நல்லா அட்ச்சான்" என்றாய். எனக்கு மட்டும் கேட்கிற குரல். உடனே குரலை உயர்த்தி நீலச் சட்டைகளைப் பார்த்துக் கத்தினாய்: "தலய தூக்குங்கடா! இன்னும் டைம் கீது!"

டைம் இருந்தது, கோல் வரவில்லை. நீலம் கீழே போனது. விசில் ஊதியதும் முரளி ஓடிவந்தான். உன் முன்னால் நின்று குழந்தைபோல அழுதான். நீ அவன் தலையைத் துடைத்துவிட்டாய்.

"கைக்குடா அயுவுற? உன் வேலைய நீ செஞ்ச. நீ எங்களுக்காக வெளிய அட்ச்சிருந்தன்னா எனக்கு அசிங்கமா இருந்துருக்கும். போ, உன் டீமு ஆளுங்க நிக்கறாங்க." அவன் திரும்பியபோது மறுபடி கூப்பிட்டாய். "முரளி. கொஞ்ச நாளைக்கி எங்கிட்ட பேசாத. தானா சரியாப் பூடும்."

சரியானது. அந்த வாரக் கடைசியிலேயே நீ மீன்குழம்பு வைத்துத் தூக்குப் போணியில் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனதை உன் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

கீழ் டிவிஷனுக்குப் போன பிறகு கூட்டம் கரைந்தது. டீமே கலைந்துவிடும் என்று பேசினார்கள். புதிய சீசனின் முதல் ஆட்டத்துக்கு, கோலுக்குப் பின்னால் நீ, நான், பேப்பரோடு என் வீட்டுக்காரர், டப்பாவோடு பஷீர் பாய். வேறு யாரும் இல்லை. நம் நாலு பேரின் குரல் மதிலில் பட்டு நமக்கே திரும்பி வந்தது. இடைவேளையில் நீ டீம் பையன்களிடம் போய், "நாங்க கீறோம், நீங்க ஆடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாய். டீம் கலையவில்லை. மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பினார்கள். நீலம் இன்னும் கீழ் டிவிஷனில்தான் இருக்கிறது, ஆனால் இருக்கிறது.

கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. முரளி உன்னை சைனிக்புரியில் தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். அந்த அமைதி உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "இங்க நாயிகூட மெதுவாத்தான் கொலைக்குதுடி" என்று என்னிடம் குறைப்பட்டாய். ஞாயிறுதோறும் ஆட்டம் முடிந்ததும் நான் அங்கே வந்துவிடுவேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு கதை கேட்பதுபோலக் கேட்பாய். "யாரு அட்ச்சான்? எந்தக் காலு? கீப்பரு இன்னா பண்ணிகினு இருந்தான்?"

ஒரு ஞாயிறு மோசமாகத் தோற்றிருந்தோம். உன் முகம் அன்று மிகவும் வாடியிருந்தது. நான் சொல்லத் தயங்கினேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். "தோத்தா தோத்துதுன்னு சொல்லுடி. என்னிக்கி நாம அதுக்குப் பயந்தோம்?" சொன்னேன், ஒவ்வொரு கோலாக. நீ கண்ணை மூடிக் கேட்டாய். முடித்த பிறகு உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை வருடமும் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நீ அன்னைக்கு என்னய அந்த மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போகலேன்னா, இந்த ஊர்ல நான்..."

"நக்கோ." கண்ணைத் திறக்காமலே கையை ஆட்டினாய். "அதெல்லாம் நக்கோ. செகண்ட் ஆஃப்ல அந்த பெனால்டி குட்த்தானே, அது நெஜமாவே ஃபவுலா? அத்த சொல்லு."

மழைக்காலம் தொடங்கும் முன் நீ போய்விட்டாய்.

அடுத்து வந்த ஆட்டத்தில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இரண்டு டீம்காரர்களும் நடுவட்டத்தில் நின்றார்கள். நீ வாழ்நாளெல்லாம் திட்டிய அந்த ரெஃபரி விசிலை விட்டுப் பல வருடமாகிறது. முடி நரைத்து, கைத்தடியோடு, லீக் சார்பில் அன்றைய ஆட்டத்தை மேற்பார்வையிட வந்திருந்தார். உனக்காக ஒரு நிமிடம் மௌனம் என்று மைக்கில் அறிவித்தார்கள். எல்லோரும் தலைகுனிந்தோம்.

பஷீர் பாய்க்கு அது பொறுக்கவில்லை. கோலுக்குப் பின்னாலிருந்து நடுவட்டம் வரை தள்ளாடி நடந்துபோனார். "ஆபாவுக்கு மௌனமா சார்? உயிரோட இருந்தப்ப ஒரு நிமிஷம் சும்மா இருந்தாங்களா? அவங்களுக்கு இது பிடிக்காது சார்" என்று குரல் உடையச் சொன்னார்.

 வயதான ரெஃபரி அன்றைய ரெஃபரியிடம் கைநீட்டி விசிலை வாங்கினார். கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு, நடுவட்டத்தில் தனியாக நிமிர்ந்து நின்றார். நம் பக்கம் திரும்பி, "சரி, என்னைத் திட்டுங்கள். ஒரு நிமிடம்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு நீளமாக விசில் ஊதினார்.

 நான்தான் தொடங்கினேன். எங்கள் ஊர்ச் சந்தையில் எங்கள் அப்பா பேசுகிற தொனியில், "என்னவே ஊதுதீரு! பாத்து ஊதும்வே!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அவ்வளவுதான், மைதானம் வெடித்தது. தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும், அவரவர் வாயில் வந்ததைச் சொல்லிக் கத்தினார்கள். பஷீர் பாய் டப்பாவை உடைக்கிற மாதிரி அடித்தார். முரளி என் பக்கத்தில்தான் நின்றான். முதலில் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தவன், பிறகு கையை எடுத்துவிட்டு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான். என் வீட்டுக்காரர் பேப்பரைச் சுருட்டி வாயில் வைத்து ஊதினார். நடுவட்டத்தில் அந்த மனிதர் அத்தனை வசவையும் தலையைச் சற்றுச் சாய்த்து வாங்கிக்கொண்டு நின்றார். கன்னத்தில் நீர் வழிந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தார். நிமிடம் முடிந்ததும் அவர் விசில் ஊதவில்லை. எங்களுக்குத் தொண்டை கட்டும்வரை விட்டுவிட்டார்.

நீ நன்றி சொல்லவிடாமல் கையை ஆட்டிவிட்டாய். இப்போது குறுக்கே பேச முடியாது, கேட்டுக்கொள். இந்த ஊரில் எனக்குப் பேச்சு வந்தது உன்னால். என் வீட்டுக்காரர் இன்றும் எனக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார், அது உன்னாலும் அந்தக் கிரீஸ் கைகளாலும். ஒன்றை நம்முடையது என்று சொல்லிவிட்டால் அப்புறம் ஜெயிக்கிறதா தோற்கிறதா என்று பார்த்து அதை விடக்கூடாது என்று நான் கற்றுக்கொண்டதும் அங்கே நின்றுதான். என் வாழ்க்கையில் பல கஷ்டமான வருடங்களை நான் அப்படித்தான் தாண்டினேன்.

போன ஞாயிறு எனக்குக் காய்ச்சல். ஆட்டத்துக்குப் போகவில்லை. இடைவேளைக்குள்ளேயே ஃபோன் அடிக்கத் தொடங்கிவிட்டது. முதலில் பஷீர் பாய். பிறகு முரளி. அப்புறம் பெயர்கூடச் சரியாக நினைவில்லாத யாரோ. சாயங்காலம் இப்போதைய கோல்கீப்பரும் அவன் மனைவியும் வாசலில் வந்து நின்றார்கள். கையில் ஆரஞ்சுப் பழப் பை. அந்தப் பெண் இந்த ஊர்க்காரி, தமிழ் அரைகுறை. "ஆன்ட்டி, கைக்கு வரல? கோல் பின்னால நீங்க இல்ல, இவருக்குப் பயமா இருந்துச்சாம்" என்றாள். அவன் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தான்.

ஒரு நாள் வராமல் போனால் யாருக்கும் தெரியாத ஊருக்கு வந்தவள் நான். இன்று காய்ச்சல் விட்டதும் மெட்ரோ ஏறிப் போனேன். டிரா. ஒன்றுக்கு ஒன்று. நம் கோலை அடித்தது இந்த சீசனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், இடது காலால், கார்னரிலிருந்து வந்த பந்தில். எதிராளிக்குக் கொடுத்த பெனால்டி ஃபவுலே இல்லை, நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து வெந்நீர் குடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.